தொமோயுகி யமாஷிதா

தொமோயுகி யமாஷிதா (நவம்பர் 8, 1885 - பெப்ரவரி 23, 1946) இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யப்பானியப் பேரரசின் தரைப்படையில் ஜெனரல் தரத்தில் இருந்த படைத்தளபதி ஆவார். மலாயாவையும் சிங்கப்பூரையும் பிரித்தானியரிடமிருந்து எழுபது நாட்களில் கைப்பற்றியமையால் இவர் மலாயாவின் புலி எனப் பெயர் பெற்றார். போர் முடிந்த பின்னர் மணிலாவில் அமெரிக்க இராணுவ ஆணையம் ஒன்று இவரை விசாரித்தது. பிலிப்பீன்சில் இவரது படையினர் பொதுமக்களுக்கும், தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தோருக்கும், போர்க் கைதிகளுக்கும் இழைத்த கொடுமைகளைத் தடுக்கத் தவறினார் என்பதே குற்றச்சாட்டு. 1946 இல் இவர் தூக்கிலிடப்பட்டார். தனக்குக் கீழ் உள்ளவர்கள் செய்யும் குற்றத்துக்கு ஒரு தளபதி எந்த அளவுக்குப் பொறுப்பாளி என்ற கேள்வி எழும்போதெல்லாம் இவ்வழக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆயினும், சிங்கப்பூரில் 1942 இல் இவர் பிறப்பித்த ஆணையின் பேரில் நடந்த படுகொலைகளுக்காக இவர் எந்த நீதிமன்றத்தின் முன்னும் நிறுத்தப்படவில்லை.

இளமையும் படைப்பணியும்

யமாஷிதா யப்பானின் சிக்கோக்கு தீவில், கோச்சி மாகாணத்தைச் சேர்ந்த ஒரு மலைக்கிராமத்தில் பிறந்தார். தந்தை கிராம மருத்துவர். இராணுவக் கல்லூரியில் 1905 இலும், உயர் படைக்கல்லூரியில் 1916 இலும் பயிற்சியை முடித்தார். சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் யப்பானியத் தூதரகங்களில் இராணுவ இணைப்பாளராகப் பணியாற்றியதால் ஐரோப்பிய அரசியலை நேரில் அறிந்திருந்தார்.

1936 பெப்ரவரியில் டோக்கியோவில் இளம் அதிகாரிகள் சிலர் அமைச்சர்களைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்ற முயன்றனர். யமாஷிதா அக்கிளர்ச்சியில் நேரடியாகப் பங்கேற்கவில்லை. ஆனால் கிளர்ச்சியாளர் சார்ந்திருந்த பேரரச வழிக் குழுவினரிடம் அனுதாபம் கொண்டிருந்தார். இதனால் பேரரசர் இறோகித்தோவின் அதிருப்திக்கு ஆளாகிக் கொரியாவுக்கு மாற்றப்பட்டார். எதிர்க்குழுவைச் சேர்ந்த இதெக்கி தோஜோ பின்னர் பிரதமரானதும் யமாஷிதாவின் பிற்காலத்தைப் பாதித்தது. 1940 இறுதியில் யப்பானிய இராணுவக் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கி ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் சென்று இட்லரையும் முசோலினியையும் சந்தித்தார்.

மலாயாப் படையெடுப்பு

1941 நவம்பரில் யமாஷிதா 25 ஆம் படையின் தளபதியாக நியமிக்கப்பட்டார். டிசம்பர் 8 அன்று அவரது படைகள் தாய்லாந்தின் தென்பகுதியிலும் மலாயாவின் கோத்தா பாருவிலும் தரையிறங்கின. மிதிவண்டிகளில் விரைந்த காலாட்படை, இலகுவான டாங்கிகள், கடலோரமாகப் படகுகளில் சென்று எதிரியின் பின்புறத்தில் இறங்கும் உத்தி ஆகியவற்றால் 1942 ஜனவரி 31 அளவில் மலாயாத் தீபகற்பம் முழுவதும் வீழ்ந்தது. பெப்ரவரி 8 இரவு யப்பானியர் ஜொகூர் நீரிணையைக் கடந்தனர்.

பெப்ரவரி 15 அன்று புக்கிட் தீமாவில் உள்ள போர்ட் வாகனத் தொழிற்சாலையில் பிரித்தானியத் தளபதி ஆர்தர் பெர்சிவல் சரணடைந்தார். அப்போது யமாஷிதாவிடம் வெடிபொருட்கள் தீர்ந்துகொண்டிருந்தன; தாக்குதலில் ஈடுபட்ட அவரது படையினர் ஏறத்தாழ 30,000 பேர். சரணடைந்தவர்களோ 80,000 க்கும் மேற்பட்டவர்கள். தன் பலவீனத்தை எதிரி அறியுமுன் சரணடைவைப் பெற்றுவிட வேண்டும் என்ற பதற்றத்திலேயே அவர் பெர்சிவலிடம் கடுமை காட்டினார் எனப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். சரணடைந்த இந்தியப் படையினர் இரு நாட்களின் பின் பேரர் பார்க் மைதானத்தில் தனியே ஒப்படைக்கப்பட்டனர். முதலாவது இந்திய தேசிய இராணுவம் அவர்களிலிருந்தே உருவானது.

சூக் சிங் படுகொலை

சிங்கப்பூர் வீழ்ந்த சில நாட்களில் அங்கிருந்த ஐரோப்பியப் பொதுமக்கள் நடத்திச் செல்லப்பட்டு, 600 பேருக்காகக் கட்டப்பட்ட சாங்கி சிறையில் ஏறத்தாழ 3,000 பேர் வரை அடைக்கப்பட்டனர். சீனர்களின் கதி இதனினும் கொடியது. சீனாவில் யப்பானுக்கு எதிராக நடந்த போருக்குச் சிங்கப்பூர்ச் சீனர்கள் பண உதவி செய்து வந்திருந்தனர். யப்பானுக்கு எதிரானவர்களைக் களையெடுக்குமாறு பெப்ரவரி 18 அன்று யமாஷிதா நகரக் காவற்படைத் தளபதி சபுரோ கவாமுராவுக்கு ஆணையிட்டார். திட்டத்தின் நுணுக்கங்களை வகுத்தவர் அவரது பணிக்குழு அதிகாரியான மசனோபு சுஜி.

18 முதல் 50 வயது வரையான சீன ஆண்கள் அனைவரும் குறிப்பிட்ட இடங்களில் கூடுமாறு பணிக்கப்பட்டனர். கெம்பெத்தாய் எனப்பட்ட இராணுவக் காவல்துறையினரும் முகமூடியணிந்த காட்டிக்கொடுப்போரும் அவர்களைப் பார்வையிட்டனர். விசாரணை என்று சொல்லத்தக்க எதுவும் நடைபெறவில்லை. ஆசிரியர், சீன நிவாரண நிதிக்குப் பணம் கொடுத்தவர், உடலில் பச்சை குத்தியிருந்தவர் என்பன போன்ற அடையாளங்களே போதுமானவையாக இருந்தன. விடுவிக்கப்பட்டவர்களின் கையிலோ சட்டையிலோ முத்திரை குத்தப்பட்டது. ஏனையோர் சரக்குந்துகளில் ஏற்றப்பட்டு சாங்கி, பொங்கோல், சிக்லாப் முதலிய இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டோர் தொகை ஏறத்தாழ 5,000 என யப்பானியத் தரப்பினர் ஒப்புக்கொண்டனர். சிங்கப்பூர்ச் சீன சமூகம் அதனை 50,000 வரை மதிப்பிட்டது. இதற்குப் பின்னர் சீன சமூகத்தின் மீது 5 கோடி மலாயா வெள்ளி கட்டாய நன்கொடையாக விதிக்கப்பட்டது.

1942 ஜூலையில் யமாஷிதா மஞ்சூரியாவுக்கு மாற்றப்பட்டார். வெற்றி பெற்ற தளபதி வழியில் டோக்கியோவுக்குச் சென்று பேரரசரைக் காணவும் அனுமதிக்கப்படவில்லை. தோஜோவின் பொறாமையே காரணம் என்பர். 1943 இல் ஜெனரலாகப் பதவி உயர்வு பெற்றபோதிலும் இரண்டாண்டுகளுக்கு மேல் அவர் போர்முனையிலிருந்து விலகியே இருந்தார்.

பிலிப்பீன்சில்

தோஜோவின் அரசு கவிழ்ந்த பின்னர், 1944 செப்டம்பர் இறுதியில் யமாஷிதா பிலிப்பீன்சில் இருந்த 14 ஆம் பிரதேசப் படைக்குத் தளபதியாக நியமிக்கப்பட்டு, ஒக்டோபர் முதல் வாரத்தில் மணிலாவை அடைந்தார். அதே மாதம் 20 ஆம் நாள் அமெரிக்கப் படைகள் லெய்த்தே தீவில் தரையிறங்கின. நிலைமையை ஆராயவும் அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. கடற்படையும் வான்படையும் தனித்தனித் தலைமையின் கீழ் இருந்தன. எடுத்துக்காட்டாக, 139 அமெரிக்கக் கைதிகளைப் பதுங்குகுழிகளில் எரித்தும் சுட்டும் கொன்ற பலவான் தீவுப் படுகொலை டிசம்பர் 14 இல் நடந்தது. அதற்குப் பொறுப்பான வான்படைப் பிரிவு 1945 ஜனவரி 1 அன்றே யமாஷிதாவின் கீழ் வந்தது.

அவர் வந்தபோது பிலிப்பீன்சில் பல ஆயிரம் அமெரிக்க, பிரித்தானிய, டச்சுப் பொதுமக்கள் மூன்றாம் ஆண்டாகத் தடுப்பில் இருந்தனர். மணிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழக வளாகம் இவற்றுள் மிகப் பெரிய முகாம். தொடக்கத்தில் இம்முகாம்கள் குடிசார் அதிகாரிகளின் பொறுப்பில் இருந்தன. கைதிகள் வெளியிலிருந்து உணவு வாங்க முடிந்தது. 1944 தொடக்கத்தில் தரைப்படை இவற்றைத் தன் பொறுப்பில் எடுத்ததும் வெளித்தொடர்புகள் அறுக்கப்பட்டன. ஆண்டின் இறுதியில் ஒருவருக்குக் கிடைத்த உணவு நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் குறைந்தது. பட்டினியாலும் அதனால் வந்த நோய்களாலும் முதியோர் பலர் இறந்தனர். கைதிகளின் சார்பில் முகாம் நிர்வாகத்தைக் கவனித்து வந்த நால்வர் டிசம்பரில் கெம்பெத்தாயினரால் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். நாட்டிலிருந்த முகாம்கள் அனைத்துக்கும் பொறுப்பாக இருந்தவர் ஹொங் சா-இக் என்னும் கொரியர். யப்பானியப் படையில் லெப்டினன்ட் ஜெனரல் தரத்தை எட்டிய இவர் யமாஷிதாவின் கீழ் பணியாற்றியவர்.

1945 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் படைகள் லிங்காயென் வளைகுடாவில் இறங்கின. அதற்கு முன்னரே யமாஷிதா தன் தலைமையகத்தை மணிலாவிலிருந்து பாகியோ மலைநகருக்கு மாற்றிவிட்டார். மணிலாவைக் காப்பது இயலாது என்றும் படைகள் வெளியேற வேண்டும் என்றும் ஆணையிட்டார். எனினும் நகரைப் போரற்ற திறந்த நகராக அவர் அறிவிக்கவில்லை. நகரில் இருந்த கடற்படையினருக்குத் தலைமை தாங்கிய ரியர் அட்மிரல் சஞ்சி இவாபுச்சி துறைமுகத்தை விட்டு நீங்க மறுத்தார். பெப்ரவரி 3 முதல் மார்ச் 3 வரை நடந்த போரில் ஏறத்தாழ 100,000 பொதுமக்கள் இறந்தனர். பலர் அமெரிக்கப் பீரங்கிக் குண்டுகளுக்கு இரையாயினர். மிகப் பலர் தேவாலயங்களிலும் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் யப்பானியரால் திட்டமிட்டுக் கொல்லப்பட்டனர். இவாபுச்சியும் அப்போரிலேயே இறந்தார். மணிலாவின் அழிவுக்கு முதன்மையாகப் பதில் சொல்லியிருக்க வேண்டியவர் அவரே.

போர் தொடங்கிய இரவே சாந்தோ தோமாஸ் முகாமை அமெரிக்கர் மீட்டனர். அங்கே 3,700 க்கும் மேற்பட்டோர் இருந்தனர். மணிலாவுக்குத் தெற்கே லொஸ் பாஞோசில் இருந்த முகாமைப் பெப்ரவரி 23 அன்று வான்குடைப் படையினரும் பிலிப்பீனியக் கெரில்லாக்களும் சேர்ந்து தாக்கி 2,100 க்கும் மேற்பட்டோரை விடுவித்தனர். அதற்குப் பழிவாங்கலாக அயற் கிராமங்களைச் சேர்ந்த பிலிப்பீனியர் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். மீட்கப்பட்டவர்களைப் பற்றிய நூல்கள் பல உண்டு. அக்கிராமத்தவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

யமாஷிதா லூசோன் மலைகளில் போரை நீடித்து, யப்பான் பணிந்த பின்னரே கியாங்கானில் வெளிவந்தார். 1945 செப்டம்பர் 3 அன்று பாகியோவில் அவர் சரணடைவு ஆவணத்தில் ஒப்பமிட்டபோது, மூன்றரை ஆண்டுகளுக்கு முன் அவரிடம் சரணடைந்த பெர்சிவல் எதிரே அமர்ந்திருந்தார்.

மணிலா வழக்கு

அமெரிக்கத் தளபதி டக்ளஸ் மக்ஆர்தரின் பணிப்பின்படி, லெப்டினன்ட் ஜெனரல் ஸ்டையர் இராணுவ ஆணையம் ஒன்றை அமைத்தார். அதன் உறுப்பினர் ஐவரும் அமெரிக்க ஜெனரல்கள். ஒருவர்கூடச் சட்டம் பயின்றவர் அல்லர். செவிவழிச் செய்தி, நேரில் வராதோரின் எழுத்துமூல வாக்குமூலம், செய்திப்படம் என எதனையும் சான்றாக ஏற்க ஆணையத்துக்கு அதிகாரம் இருந்தது. விதிகளை வகுத்தவரும் தண்டனையை உறுதி செய்ய வேண்டியவரும் மக்ஆர்தரே. போர்க்களத்தில் எதிரெதிராக நின்ற இருவரில் ஒருவர் மற்றவருக்குத் தண்டனை வழங்கும் நிலையில் இருந்தார் என்ற குறை அப்போதே எழுந்தது.

ஒக்டோபர் 8 அன்று குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டபோது அதில் 64 விவரக் கூறுகள் இருந்தன. விசாரணை தொடங்கிய ஒக்டோபர் 29 அன்று மேலும் 59 சேர்க்கப்பட்டன. புதிய கூறுகளை ஆராய எதிர்த்தரப்பு கேட்ட அவகாசம் மறுக்கப்பட்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அறுவரும் அமெரிக்க இராணுவ அதிகாரிகளே. விருப்பமின்றி இப்பணியை ஏற்ற இவர்கள், தங்கள் கட்சிக்காரருக்காக இறுதிவரை கடுமையாக வாதாடினர் என்பதைக் குறிப்பிட வேண்டும். அவர்களுள் ஒருவரான பிராங்க் ரீல் 1949 இல் இவ்வழக்கைக் கண்டித்து நூல் எழுதினார். அமெரிக்க ஆட்சியில் இருந்த யப்பானில் அந்நூலின் மொழிபெயர்ப்பு வெளிவரத் தடை இருந்தது.

ஆணையம் 286 சாட்சிகளை விசாரித்தது. 423 சான்றுப் பொருட்களைப் பெற்றது. சாட்சிகளுள் பெரும்பாலோர் உயிர் தப்பிய பிலிப்பீனியர். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி தன் உடலில் இருந்த முப்பதுக்கும் மேற்பட்ட துப்பாக்கிமுனைக் கத்திக் காயங்களின் வடுக்களைக் காட்டினாள். கொடுமைகள் நடந்தன என்பதை எதிர்த்தரப்பும் மறுக்கவில்லை. யமாஷிதா அவற்றை ஆணையிட்டாரா, குறைந்தது அறிந்திருந்தாரா என்பதே கேள்வி. பிலிப்பீனியரைக் கொல்லுமாறு அவர் பழம்பெரும் புரட்சித் தலைவர் ஆர்தேமியோ ரிக்கார்த்தேயிடம் நேரில் கூறியதாக அரசுத் தரப்புச் சாட்சி ஒருவர் சொன்னார். அவ்வுரையாடலை மொழிபெயர்த்ததாகக் கூறப்பட்ட ரிக்கார்த்தேயின் பேரன் மன்றில் தோன்றி, அப்படி ஓர் உரையாடல் நடக்கவே இல்லை என்றான். யமாஷிதாவின் ஒப்பத்துடன் படுகொலை ஆணை எதுவும் முன்வைக்கப்படவில்லை.

இதனைக் கொண்டு அவரை முற்றிலும் அறியாதவர் எனக் கருதுவதும் பொருந்தாது. ஆயுதம் தாங்கிய கெரில்லாக்களை ஒழிக்குமாறு அவர் ஆணையிட்டிருந்தார். பிடிபட்ட கெரில்லாச் சந்தேக நபர்கள் மிகுந்துவிட்டதால் முறையான விசாரணைக்கு நேரமில்லை என்று தான் தெரிவித்தபோது யமாஷிதா தலையசைத்தார் என அவரது படையின் சட்ட அதிகாரியே சாட்சியமளித்தார். அந்தத் தலையசைப்புக்குப் பின் மணிலாச் சிறைகளில் இருந்தோர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர்.

முகாம்களைப் பொறுத்தவரை எதிர்த்தரப்பின் விடை வேறு. அமெரிக்க வான்தாக்குதல்களால் போக்குவரத்து முடங்கியது என்றும், யப்பானியப் படையினரின் உணவும் அதே காலத்தில் குறைக்கப்பட்டது என்றும் அவர்கள் வாதிட்டனர். அமெரிக்கர் நெருங்கும்போது கைதிகளை உணவுடன் விட்டு விலகுமாறு தான் பணித்ததாக யமாஷிதா கூறினார். ஆனால் முகாம்களைச் சென்று பார்வையிட்டதில்லை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். சாட்சிக் கூண்டில் பல மணி நேரம் நின்ற அவர், தொடர்புச் சாதனங்கள் சிதைந்திருந்தமையால் மணிலாவிலும் பத்தாங்காசிலும் நடந்தவை தனக்கு எட்டவில்லை என்ற நிலையில் உறுதியாக இருந்தார்.

தீர்ப்பும் மேன்முறையீடும்

பேர்ள் துறைமுகத் தாக்குதலின் நான்காம் ஆண்டு நிறைவான 1945 டிசம்பர் 7 அன்று தீர்ப்பு வாசிக்கப்பட்டது. குற்றங்கள் நாடெங்கும் நீண்டகாலம் பரவலாக நடந்துள்ளமையால், தளபதி அவற்றை வேண்டுமென்றே அனுமதித்திருக்க வேண்டும் அல்லது இரகசியமாக ஆணையிட்டிருக்க வேண்டும் என்பது அரசுத் தரப்பின் வாதம். அவர் தேவையான கட்டுப்பாட்டைச் செலுத்தத் தவறினார் என்று மட்டுமே ஆணையம் கண்டது. தண்டனை, தூக்கு.

எதிர்த்தரப்பினர் பிலிப்பீன்சு உச்ச நீதிமன்றத்தையும், பின்னர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தையும் நாடினர். 1946 பெப்ரவரி 4 அன்று அமெரிக்க நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அவர் குற்றவாளியா என்பதை ஆராய்வது தங்கள் பணியன்று எனப் பெரும்பான்மையோர் கூறினர். கைதிகளையும் பொதுமக்களையும் காக்கத் தன்னால் இயன்ற நடவடிக்கைகளை எடுக்கும் கடமை தளபதிக்கு உண்டு என்பதை மட்டும் ஏற்றனர். நீதிபதிகள் பிராங்க் மர்பியும் வைலி ரட்லெட்ஜும் மாறுபட்டனர். மர்பி முன்னர் பிலிப்பீன்சின் ஆளுநராக இருந்தவர். அந்நாட்டு மக்களின் துயரத்தை அறியாதவர் அல்லர். அவரே, அமெரிக்கப் படைகள் தாக்கிச் சிதைத்த ஒரு படையின் தளபதியை அப்படையைக் கட்டுப்படுத்தவில்லை எனத் தண்டிப்பதன் முரணைச் சுட்டிக்காட்டினார். அதிபர் ட்ரூமன் தலையிட மறுத்தார்.

யமாஷிதா 1946 பெப்ரவரி 23 அதிகாலையில் லொஸ் பாஞோசில் தூக்கிலிடப்பட்டார். அவ்வூரின் தடுப்பு முகாம் மீட்கப்பட்டு அன்றுடன் சரியாக ஓராண்டு. மக்ஆர்தரின் ஆணைப்படி படைச் சீருடையும் விருதுகளும் அவருக்கு மறுக்கப்பட்டன. ஹொங் சா-இக் அதே ஆண்டு செப்டம்பரில் தூக்கிலிடப்பட்டார். லொஸ் பாஞோஸ் முகாமில் உணவு வழங்கலுக்குப் பொறுப்பாக இருந்து கைதிகளைப் பட்டினி போட்ட அதிகாரி சதாக்கி கொனிஷியும் தனி வழக்கில் மரண தண்டனை பெற்றார். மணிலாப் பகுதிப் படைகளின் தளபதி சிசுவோ யொக்கோயாமாவும் பின்னர் மரண தண்டனை பெற்றார். ஆனால் 1953 இல் பிலிப்பீன்சு அதிபர் எல்பீடியோ கிரினோ அவரையும் வேறு பல யப்பானியக் கைதிகளையும் மன்னித்து விடுவித்தார். கிரினோவின் மனைவியும் பிள்ளைகள் மூவரும் மணிலாப் போரில் கொல்லப்பட்டவர்கள்.

யமாஷிதா லூசோன் மலைகளில் பொன்னைப் புதைத்து வைத்தார் என்ற கதை பிலிப்பீன்சில் பரவலாக உள்ளது. அதனை நம்பிக் குகைகளைத் தோண்டுவோர் உளர். வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் இதனை ஏற்பதில்லை.

கட்டளைப் பொறுப்பு

ஒரு தளபதி அறியாமலே நடந்தவற்றுக்கும் அவர் குற்றவாளியாவார் எனச் சிலர் இத்தீர்ப்பைப் பொருள் கொண்டனர். பின்வந்த வழக்குகள் அந்த அளவுக்குச் செல்லவில்லை. நியூரம்பர்க்கில் ஜெர்மன் தளபதிகளை விசாரித்த அமெரிக்க நீதிமன்றங்கள், தளபதி அறிந்திருந்தார் அல்லது அறியாமை அவரது சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்தது என்பது காட்டப்பட வேண்டும் என்றன. 1977 இன் ஜெனீவா உடன்படிக்கைக் கூடுதல் நெறிமுறையும், 1998 இன் உரோம் சட்டமும் ஏறத்தாழ இவ்வழியையே பின்பற்றின. வியட்நாமின் மை லாய் படுகொலை தொடர்பாக 1971 இல் அமெரிக்கக் கப்டன் எர்னெஸ்ட் மெடினா விசாரிக்கப்பட்டபோது, அவர் உண்மையிலேயே அறிந்திருந்தாரா என்பதே அளவுகோலாக வைக்கப்பட்டது. அவர் விடுவிக்கப்பட்டார். யமாஷிதாவுக்கு வைத்த அளவுகோலை அமெரிக்கா தன் அதிகாரிக்கு வைக்கவில்லை என்ற விமரிசனம் அன்று எழுந்து இன்றும் தொடர்கிறது.

சிங்கப்பூர் வழக்கு

சூக் சிங் படுகொலைக்கான வழக்கைப் பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் 1947 மார்ச் 10 முதல் சிங்கப்பூர் விக்டோரியா நினைவு மண்டபத்தில் நடத்தியது. யமாஷிதா இறந்து ஓராண்டு கடந்திருந்தது. குற்றம் சாட்டப்பட்ட எழுவரும், ஆணை மேலிருந்து வந்தது என்று வாதிட்டனர். மேலே இருந்தவரை விசாரிக்க இனி வழியில்லை. மணிலாவில் எழுத்துமூல ஆணை ஒன்றைத் தேடி அரசுத் தரப்பு தோற்றது. இங்கே ஆணை இருந்தது, அதைக் கொடுத்தவர்தான் இல்லை. ஏப்ரல் 2 அன்று கவாமுராவுக்கும் கெம்பெத்தாய்த் தலைவர் மசயுக்கி ஓயிஷிக்கும் மரண தண்டனையும், ஏனைய ஐவருக்கும் ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் இறந்த நிகழ்வுக்கு இருவருக்கு மட்டுமே மரண தண்டனையா எனச் சீன சமூகம் கொதித்தது.

திட்டத்தை வகுத்த சுஜி போர் முடிந்ததும் தலைமறைவானார். தேடுதல் கைவிடப்பட்ட பின் யப்பானுக்குத் திரும்பி, நூல்கள் எழுதிப் புகழ் பெற்று, 1952 இல் நாடாளுமன்றத்துக்கும் தெரிவானார். 1961 இல் லாவோசில் காணாமற் போனார். 1962 இல் சிக்லாப் பகுதியில் கூட்டுப் புதைகுழிகள் கண்டெடுக்கப்பட்டன. அவ்வெலும்புகளின் மீது எழுப்பப்பட்ட நினைவுத்தூண், சிங்கப்பூர் வீழ்ந்த 25 ஆம் ஆண்டு நிறைவான 1967 பெப்ரவரி 15 அன்று பீச் சாலையில் திறந்து வைக்கப்பட்டது. அதன் நான்கு தூண்கள் சீனர், மலாயர், இந்தியர், பிற இனத்தவர் ஆகிய நான்கு சமூகங்களைக் குறிக்கின்றன.